விண்ணேறும் கடதாசிக் குழாய்
மாதிரி றொக்கெற் ஒன்றை அமைத்தலும் ஏவுதலும்



"றொக்கெற்" என்னும் சொல்லைக் கேட்டதும் எமது மாணவர் மனத்தில் சந்திரனும் செவ்வாயும் தோன்றுகின்றன. அதே சொல்லைக் கேட்கும் பெற்றோர் பலருக்குப் பதுங்குகுழியும், இரைந்து வரும் ஒலியும், அவ்வொலி ஓய்ந்தபின் யார் யார் எஞ்சினர் என்று எண்ணிப் பார்த்த கணங்களுமே நினைவில் எழுகின்றன. ஆண்டுதோறும் டிசெம்பர் 31ஆம் நாள் நள்ளிரவில் ஜேர்மனிய நகரங்கள் வாணவேடிக்கையால் ஒளிரும்போது, பிள்ளைகள் யன்னலோரம் ஓடுவதையும், பெரியோர் சிலர் உள்ளறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொள்வதையும் நம் இல்லங்களில் நாம் கண்டிருக்கிறோம்.

இத்தகைய குடும்பங்களில் வளரும் பிள்ளை ஒருநாள் விளையாட்டுப் பொருட்கடையில் மாதிரி றொக்கெற் பெட்டி ஒன்றைக் கண்டு, "இதை வாங்கித் தாருங்கள்" என்று கேட்கிறது. பெற்றோர் சிலர் "அந்தப் பேச்சே வேண்டாம்" என்று மறுத்துவிடுகின்றனர். வேறு சிலர் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கச் செல்கின்றனர். இவ்விரண்டும் பிள்ளைக்கு நன்மை பயவா என்பது எமது கருத்து. முன்னையது அறிவுக்குத் தடையாகின்றது; பின்னையது ஆபத்துக்கு இடமளிக்கின்றது. பிள்ளையின் அருகில் அமர்ந்து, அப்பொருளின் இயல்பை அறிந்து, விதிகளைப் பேணிச் சேர்ந்து செய்வதே தக்க வழியாகும். அவ்வழிக்குத் துணையாகவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

மாதிரி றொக்கெற் என்பது யாது?

தடித்த கடதாசிக் குழாய், பாரமற்ற பல்சா மரத்தாலான செட்டைகள், மரத்தாலோ பிளாஸ்ரிக்காலோ ஆன மூக்குக்கூம்பு, ஒரு சிறிய வான்குடை ஆகியவற்றைக் கொண்டு செய்யப்படுவதே மாதிரி றொக்கெற். அதன் உடற்பகுதியில் உலோகம் பயன்படுத்தப்படுவதில்லை. தொடக்கநிலை மாணவர் செய்யும் றொக்கெற் மோட்டருடன் சேர்த்து 50 முதல் 100 கிராம் வரை நிறுக்கும். அது நூறு, இருநூறு மீற்றர் உயரம் எழுந்து, வான்குடை விரிய மெல்ல இறங்கும். எரிந்து முடிந்த மோட்டரை நீக்கிப் புதியதைப் பொருத்தினால் மீண்டும் பறக்கும். நம் ஊர்க் கோயில் திருவிழாக்களில் விடப்பட்ட ஈர்க்குவாணத்திற்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே. ஈர்க்குவாணம் போனது போனதுதான். மாதிரி றொக்கெற் திரும்பி வரவேண்டும். திரும்பி வராவிட்டால் அமைத்தவர் கணக்கில் எங்கோ பிழையுண்டு என்பது பொருள்.

இக்கலை தோன்றிய வரலாறும் அறியத்தக்கது. 1957ஆம் ஆண்டு ஒக்ரோபர் 4ஆம் நாள் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் என்னும் முதலாவது செயற்கைக்கோளை ஏவியது. அதனைக் கண்டு ஆர்வம் கொண்ட அமெரிக்க இளைஞர் பலர் இரும்புக் குழாய்களில் தாமே மருந்து கலந்து அடைத்து ஏவ முயன்றனர். கைகளையும் கண்களையும் இழந்தோர் உளர், உயிரிழந்தோரும் உளர். இதற்குத் தீர்வு நெப்ராஸ்கா மாநிலத்தின் நோர்வோக் நகரில் சப்பாத்துக் கடை நடத்திய ஓர்வில் கார்லைல் என்பவரிடம் இருந்தது. வாணங்களில் ஈடுபாடு கொண்ட அவர், 1954இலேயே கடதாசியாலான உடலும் மாற்றத்தக்க மோட்டரும் கொண்ட சிறு றொக்கெற்றைச் செய்திருந்தார். ஹரி ஸ்ரைன் என்னும் றொக்கெற் பொறியியலாளர் அதனை விதிமுறைகளோடு கூடிய பொழுதுபோக்காக வளர்த்தார். வேர்னன் எஸ்ரெஸ் என்பவர் மோட்டர்களைச் சீராக உற்பத்தி செய்யும் பொறியை அமைத்தார்.

இவர்கள் வகுத்த அடிப்படை விதி ஒன்றே. மருந்தைத் தொழிற்சாலை செய்யட்டும். றொக்கெற்றை மாணவன் செய்யட்டும். இவ்விதியை எம் மாணவர் ஒருபோதும் மீறலாகாது. மருந்து கலத்தலும், மோட்டரைப் பிரித்தலும், அதில் துளையிடுதலும் அறிவின் அடையாளங்கள் அல்ல; அவை உயிராபத்தை விளைவிப்பன. ஜேர்மனியில் அவை சட்டப்படி குற்றமுமாகும்.

அது மேலெழுவது எவ்வாறு?

பலூன் ஒன்றை ஊதி, வாயைக் கட்டாமல் விட்டால் அது அறையெங்கும் பாய்ந்து ஓடும். காற்று ஒரு திசையில் வெளியேற, பலூன் எதிர்த்திசையில் தள்ளப்படுகின்றது. தோணியிலிருந்து கரைக்குத் தாவுபவர் தோணியைப் பின்னே தள்ளிவிடுவதும் இவ்வாறே. ஒவ்வொரு தாக்கத்திற்கும் சமமானதும் எதிரானதுமான மறுதாக்கம் உண்டு என்பது 1687இல் வெளிவந்த நூலில் ஐசாக் நியூற்றன் கூறிய மூன்றாம் விதி.

இங்கே மாணவர் பலர் மயங்குவதுண்டு. வெளியேறும் வாயு நிலத்தையோ காற்றையோ உதைப்பதால் றொக்கெற் எழுகின்றது என அவர் எண்ணுவர். அவ்வாறாயின் காற்றில்லாத விண்வெளியில் றொக்கெற் இயங்க முடியாது. இவ்வாறே எண்ணிய அமெரிக்கப் பத்திரிகையான நியூயோர்க் ரைம்ஸ், 1920 ஜனவரி 13ஆம் நாள் தனது ஆசிரியர் தலையங்கத்தில் றொபேர்ட் கொடார்ட் என்னும் விஞ்ஞானியைப் பாடசாலை மாணவர் அறிந்ததைக்கூட அறியாதவர் என எள்ளியது. அவரோ 1926 மார்ச் 16ஆம் நாள் உலகின் முதலாவது திரவ எரிபொருள் றொக்கெற்றை ஏவினார். 1969இல் மனிதர் சந்திரனை நோக்கிப் பயணம் செய்துகொண்டிருந்தபோது, ஜூலை 17ஆம் நாள், அப்பத்திரிகை தன் தவறுக்கு வருத்தம் தெரிவித்தது. அப்போது கொடார்ட் மறைந்து ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. றொக்கெற் காற்றை உதைப்பதில்லை. தன்னுள்ளிருந்து வெளியேறும் வாயுவையே உதைக்கின்றது என்பதை மாணவர் மனத்திற் கொள்க.

மோட்டரும் அதன் குறியீடும்

சிறுவர் றொக்கெற்றுகளுக்குரிய மோட்டர் விரல் அளவிலான கடதாசிக் குழாயாகும். பரவலாகப் பயன்படும் வகை 18 மில்லிமீற்றர் விட்டமும் 70 மில்லிமீற்றர் நீளமும் உடையது. அதன் அடியில் களிமண் போன்ற பொருளாலான ஒடுங்கிய வாய் உண்டு. அதற்கு மேலே இறுக்கமாக அழுத்தப்பட்ட கருமருந்து இருக்கும். இது எரிந்து வாயு ஒடுங்கிய வாயினூடாகச் சீறி வெளியேறும்போதே உதைப்பு உண்டாகின்றது. அடுத்துள்ளது தாமதக் கலவை. அது மெல்ல எரிந்து புகையை மட்டும் விடும். அந்நேரத்தில் றொக்கெற் தான் பெற்ற வேகத்தால் மேலே சென்றுகொண்டிருக்கும். இறுதியாக உச்சியிலுள்ள சிறிதளவு மருந்து முன்னோக்கி வெடித்து, மூக்குக்கூம்பையும் வான்குடையையும் வெளியே தள்ளும்.

மோட்டரின்மேல் "பி4-4" என்பது போன்ற குறியீடு இருக்கும். முதல் எழுத்து மொத்தக் கணத்தாக்கைக் குறிக்கும். "ஏ" வகை 2.5 நியூற்றன் செக்கன் வரையும், "பி" வகை 5 வரையும், "சி" வகை 10 வரையும், "டி" வகை 20 வரையும் கொண்டவை. ஒவ்வோர் எழுத்தும் முன்னையதன் உச்ச அளவின் இருமடங்கு. நடுவிலுள்ள எண் சராசரி உதைப்பை நியூற்றனில் கூறும். இறுதி எண் தாமதம் எத்தனை செக்கன் என்பதைக் கூறும்.

இப்போது ஒரு கணக்குச் செய்வோம். எமது றொக்கெற்றின் திணிவு 60 கிராம் எனக் கொள்க. அதன் நிறை ஏறத்தாழ 0.6 நியூற்றன். மோட்டரின் சராசரி உதைப்பு 4 நியூற்றன். எனவே மேல்நோக்கிய விளைவு விசை 3.4 நியூற்றன். விசையைத் திணிவால் வகுத்தால் ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் ஏறக்குறைய 57 மீற்றர். இது புவியீர்ப்பு ஆர்முடுகலின் கிட்டத்தட்ட 6 மடங்கு. கணத்தாக்கு 5 நியூற்றன் செக்கன் எனின், மோட்டர் 1.25 செக்கன் எரியும். அதன் முடிவில் வேகம் செக்கனுக்கு 71 மீற்றர், அதாவது மணிக்கு 255 கிலோமீற்றர். அவ்வேளை உயரம் சுமார் 44 மீற்றர். அதன்பின் அவ்வேகத்தால் மேலும் ஏறத்தாழ 257 மீற்றர் எழலாம். ஆக மொத்தம் ஏறக்குறைய 300 மீற்றர்.

ஆயின் இது காற்றின் தடையைக் கருதாத கணக்கு. உண்மையில் றொக்கெற் இதில் பாதி உயரத்தோடு நின்றாலும் வியப்பில்லை. அந்த மறுபாதி எங்கே போயிற்று என்று வினவும் மாணவனே பௌதிகவியலின் வாயிலுக்கு வந்துவிட்டவன். மழமழப்பாகத் தேய்த்த செட்டையும் வழுவழுப்பான மூக்குக்கூம்பும் எத்தனை மீற்றரை மீட்டுத் தரும் என்பதை அவன் தானே சோதித்து அறியலாம்.

அமைக்கும் முறை

பெட்டியைத் திறந்ததும் பசையைக் கையில் எடுத்தலாகாது. முதலில் விளக்கக் குறிப்பை முழுமையாக வாசித்து, பாகங்களை மேசைமேல் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் அடையாளம் காண்க. பிள்ளை ஜேர்மன் மொழிக் குறிப்பை வாசித்துப் பொருள் கூற, பெற்றோர் அதனைத் தமிழில் திருப்பிச் சொல்லலாம். அதன்பின் பின்வரும் ஒழுங்கிற் செய்க.

1. மோட்டர் தாங்கி: சிறு குழாய் ஒன்றினுள் தடுப்பு வளையத்தை ஒட்டுக. மோட்டர் முன்னோக்கிப் பாய்ந்து உடலைத் துளைக்காமல் தடுப்பது இவ்வளையமே. பின்னர் இத்தாங்கியை உடற்குழாயின் அடியில் ஒட்டுக. பசை விரைவில் இறுகுமாதலால் ஒரே மூச்சில் உரிய இடம்வரை தள்ளுதல் வேண்டும்.

2. செட்டைகள்: பல்சா மரத்தின் நார் ஓடும் திசை செட்டையின் முன்விளிம்புக்கு இணையாக இருத்தல் வேண்டும். மாறாக இருப்பின் சிறு அதிர்விலும் செட்டை முறியும். வெட்டிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து அரத்தாளால் தேய்த்தால் மூன்றும் ஒரே அளவாகும்.

3. இடங்குறித்தல்: கடதாசி நாடா ஒன்றைக் குழாயைச் சுற்றி வைத்து அதன் சுற்றளவைக் குறிக்க. அந்நீளத்தை மூன்றாகப் பிரித்து அடையாளமிட்டு, மீண்டும் குழாயைச் சுற்றி அடையாளங்களைக் குழாய்க்கு மாற்றுக. குழாயைக் கதவு நிலையின் உட்கோணத்தில் அணைத்து வைத்துக் கோடு வரைந்தால் கோடு வளையாது. செட்டைகளை இக்கோடுகளின்மேல் மரப்பசையால் ஒட்டுக. ஒரு செட்டை சற்றே சரிந்தாலும் றொக்கெற் பம்பரம்போற் சுழலும்.

4. வழிகாட்டிக் குழல்: உறிஞ்சுகுழலை ஒத்த சிறு துண்டு ஒன்றை உடலின் பக்கத்தில், அச்சுக்கு இணையாக ஒட்டுக. ஏவுகம்பி இதனூடாகவே செல்லும். றொக்கெற் போதிய வேகம் பெறும்வரை அதனை நேராக நிறுத்துவது இக்கம்பியே.

5. இழுபடும் நாடாவும் வான்குடையும்: நாடாவின் ஒரு முனையைக் குழாயின் உட்சுவரிலும், மறுமுனையை மூக்குக்கூம்பிலும் இணைக்க. வான்குடையின் நூல்களைச் சம நீளமாக வெட்டிக் கூம்பின் வளையத்தில் கட்டுக. பறக்கவிடும் நாளில், வான்குடையை வைக்குமுன் தீப்பிடியாத தாளைக் கசக்கி உள்ளே இடுதல் வேண்டும். அன்றேல் வெளித்தள்ளும் மருந்தின் சூடு வான்குடையை உருக்கிவிடும்.

நேராகப் பறத்தலின் இரகசியம்

யாழ்ப்பாணத்தில் தைமாதக் காற்றில் பட்டம் விட்டோருக்கு இப்பகுதியை விளக்குதல் எளிது. வாலில்லாத பட்டம் குத்துக்கரணம் அடிக்கும். முச்சை பிழைத்த பட்டம் ஒருபக்கம் சரியும். அம்பின் பின்னே இறகு கட்டுவதும், பட்டத்திற்கு வால் கட்டுவதும், றொக்கெற்றிற்குச் செட்டை ஒட்டுவதும் ஒரே நோக்கத்திற்காகவே.

றொக்கெற்றை ஒரு விரல்மேற் கிடத்தினால் அது சரியாமல் நிற்கும் புள்ளி ஈர்ப்பு மையம் ஆகும். பக்கத்திலிருந்து காற்று மோதும்போது அவ்விசை முழுவதும் ஒன்றுதிரண்டு தாக்குவதாகக் கொள்ளத்தக்க புள்ளி அமுக்க மையம் எனப்படும். ஈர்ப்பு மையம் முன்னேயும் அமுக்க மையம் பின்னேயும் இருந்தால், றொக்கெற் சற்றே திரும்பினாலும் காற்று அதன் வாற்பகுதியைத் தள்ளி நேராக்கிவிடும். இவை இடம்மாறி அமைந்தால் காற்று அதனை மேலும் திருப்பும். றொக்கெற் எத்திசையிலும் பாயும். இவ்விரு புள்ளிகளுக்கும் இடையே குறைந்தது உடற்குழாயின் விட்டத்தளவு இடைவெளி இருத்தல் வேண்டும் என்பது பொதுவிதி.

இதனைச் சோதிக்க எளிய வழியுண்டு. மோட்டரும் வான்குடையும் பொருத்திய நிலையில், ஈர்ப்பு மையத்தில் நீண்ட நூலைக் கட்டி, திறந்த வெளியில் தலைக்கு மேலே சுழற்றுக. மூக்கு முன்னோக்கியவாறு சுற்றினால் றொக்கெற் நிலையானது. வால் முன்னே வந்தால் அதனை ஏவுதல் ஆகாது. மூக்குக்கூம்பினுள் சிறிது களிமண் இட்டு முன்பாரத்தைக் கூட்டுக. அல்லது பெரிய செட்டைகளை ஒட்டுக.

ஏவும் நாள்

ஜேர்மனியில் 20 கிராமுக்கு மேற்படாத மருந்து கொண்ட சிறு மோட்டர்களை 18 வயது நிரம்பியோர் வாங்கலாம். அதனினும் கூடியதற்குச் சட்டப்படி அனுமதி பெறுதல் வேண்டும். நிலத்திற்கு உரியவரின் சம்மதம் இன்றி ஏவுதல் தகாது. விமான நிலையங்களின் அண்மையில் ஏவுதல் கூடாது. பொறுப்புக் காப்புறுதி மாதிரி றொக்கெற்றினால் உண்டாகும் சேதத்தையும் உள்ளடக்குகின்றதா என்பதைக் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டறிக. விதிகள் காலத்துக்குக் காலம் மாறுவன. எனவே ஏவுமுன் நடைமுறையிலுள்ள விதியை நகராட்சியிடமோ வான்போக்குவரத்து அதிகாரிகளிடமோ உறுதிசெய்க. எம்மைப் போன்று வந்து குடியேறியோர் இவற்றில் இருமடங்கு கவனம் செலுத்துவது நன்று. வயலில் நின்று ஏதோ ஒன்றை வானில் ஏவுவோரைக் கண்டு அயலவர் ஐயுறாதிருக்க, முற்கூட்டியே அவருக்குச் சொல்லி, அவர் பிள்ளைகளையும் அழைத்தால் பகைக்குப் பதில் நட்பே விளையும்.

இடம் எத்துணை அகலமாய் இருத்தல் வேண்டும்? றொக்கெற் 150 மீற்றர் உயரத்திலிருந்து செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் இறங்கினால் நிலத்தை அடைய 30 செக்கன் ஆகும். அந்நேரத்தில் செக்கனுக்கு 5 மீற்றர் வேகமுள்ள காற்று அதனை 150 மீற்றர் தொலைவுக்குக் கொண்டுசெல்லும். ஆதலால் அறுவடை முடிந்த பெரு வயலோ அகன்ற புல்வெளியோ வேண்டும். கோடையில் காய்ந்த புல்லும் வைக்கோலும் உள்ள இடம் ஆகாது. காற்று மிகுந்த நாளில் ஏவாது திரும்புதலே அறிவுடைமை. மின்கம்பியில் அல்லது உயர்ந்த மரத்தில் சிக்கிய றொக்கெற்றை மறந்துவிடுக. 20 யூரோப் பொருளுக்காக உயிரைப் பணயம் வைத்தல் ஆகாது.

ஏவுதல் மின்சாரத்தாலேயே நிகழவேண்டும். தீக்குச்சிக்கும் திரிக்கும் இங்கே இடமில்லை. மெல்லிய தீமூட்டியை மோட்டரின் வாயினுட் செருகி, நீண்ட கம்பிகளால் மின்கலப் பெட்டியோடு இணைப்பர். பெட்டியின் பாதுகாப்புச் சாவி ஏவுபவர் சட்டைப்பையிலேயே இருத்தல் வேண்டும். றொக்கெற்றின் அருகில் ஒருவரேனும் நிற்கும்வரை சாவியைப் பெட்டியில் இடலாகாது. ஏவுபவரும் பார்ப்போரும் குறைந்தது 10 மீற்றர் விலகி நிற்க. பொத்தானை அழுத்தியும் எழாவிடின் சாவியை எடுத்துவிட்டு, ஒரு நிமிடம் முழுவதும் காத்திருந்த பின்னரே அணுகுதல் வேண்டும்.

ஏவுமுன் பின்னோக்கி எண்ணும் வழக்கத்திற்கும் இந்நாட்டுக்கும் தொடர்புண்டு. 1929இல் பிரிட்ஸ் லாங் என்னும் இயக்குநர் "சந்திரனிற் பெண்" என்னும் பொருள்படும் பெயருடைய ஊமைப்படத்தை வெளியிட்டார். அதிலே சந்திரனுக்குச் செல்லும் றொக்கெற் புறப்படுமுன் எண்கள் இறங்குவரிசையில் திரையிலே தோன்றின. அவ்வழக்கம் உலகெங்கும் பரவியதற்கு அப்படமே வழிகோலியது என்பர். எம் மாணவர் "ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று, சுழியம்" என்று தமிழிலேயே எண்ணலாம்.

எழுந்த உயரத்தை அளத்தல்

பாகைமானியின் நேர்விளிம்பில் உறிஞ்சுகுழல் ஒன்றை ஒட்டி, அதன் மையத்தில் நூலைக் கட்டிச் சிறு பாரத்தைத் தொங்கவிடுக. ஏவுமிடத்திலிருந்து சரியாக 100 மீற்றர் தொலைவில் நின்று, குழலினூடாக றொக்கெற்றைப் பின்தொடர்க. அது உச்சியை அடைந்ததும் நூலை விரலால் அழுத்திப் பிடிக்க. நூல் காட்டும் அளவுக்கும் 90 பாகைக்கும் உள்ள வேறுபாடே ஏற்றக்கோணம். அது 45 பாகையாயின் உயரம் 100 மீற்றர். 55 பாகையாயின் 143 மீற்றர். 60 பாகையாயின் 173 மீற்றர். இதனோடு கண்ணின் உயரத்தையும் கூட்டுக. திரிகோண கணிதம் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவருக்கு இதனினும் நல்ல விடை வேறில்லை.

இந்நாட்டின் வரலாறு கூறும் பாடம்

நாம் வாழும் இந்நாடு றொக்கெற்றின் தொட்டில்களுள் ஒன்று. ஹேர்மன் ஓபேர்த் என்பவர் 1922இல் தம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது அது ஏற்கப்படவில்லை. 1923இல் அதனை நூலாக வெளியிட்டார். பின்னர் தம் பிறப்பிடமான திரான்சில்வேனியாவில் பாடசாலை ஆசிரியராகப் பணிபுரிந்தார். அந்நூல் பல இளைஞரை ஈர்த்தது. 1927இல் பிரெஸ்லௌ நகரில் விண்பயணக் கழகம் ஒன்று தோன்றியது. 1930இல் பேர்ளின் நகரின் றைனிக்கென்டோர்வ் பகுதியில் அக்கழகத்தார் ஏவுதளம் அமைத்துச் சிறு றொக்கெற்றுகளைச் சோதித்தனர். அவர்களுள் 18 வயதினரான வேர்ணர் வொன் பிரவுணும் ஒருவர்.

அதன்பின் நிகழ்ந்ததை நாம் மறைத்தலாகாது. ஆர்வமிகு இளைஞரின் அறிவைப் படை விலைக்கு வாங்கியது. 1942 ஒக்ரோபர் 3ஆம் நாள் பேனமுண்டேயிலிருந்து ஏவப்பட்ட றொக்கெற் 80 கிலோமீற்றருக்கும் மேலான உயரத்தை எட்டியது. அதே றொக்கெற் 1944 செப்டெம்பர் முதல் இலண்டன், அன்ற்வேர்ப் முதலிய நகரங்களின்மேல் வீழ்ந்து ஆயிரக்கணக்கான பொதுமக்களைக் கொன்றது. அதனைச் செய்வதற்காக நோர்ட்ஹவுசன் அருகே மிற்றல்பௌ டோரா முகாம்களில் ஏறத்தாழ 60,000 கைதிகள் அடிமைகளாக வதைக்கப்பட்டனர். அவர்களுள் சுமார் 20,000 பேர் மாண்டனர். பேனமுண்டேயில் அருங்காட்சியகமும் நோர்ட்ஹவுசனில் நினைவிடமும் இன்று உள்ளன. பிள்ளைகள் வளர்ந்தபின் பெற்றோர் அவர்களை அங்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

எம் மண்ணிலும் இவ்விரு முகங்களும் உண்டு. 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் மைசூர்ப் படையினர் இரும்புக் குழாய் றொக்கெற்றுகளால் ஆங்கிலேயரைக் கலங்கடித்தனர். அவற்றைக் கண்ட ஆங்கிலேயர் பின்னர் தாமும் அவ்வாறு செய்துகொண்டனர். 1963 நவம்பர் 21ஆம் நாள் கேரளத்தின் தும்பா என்னும் மீனவர் கிராமத்திலிருந்து வளிமண்டலத்தை ஆராயும் றொக்கெற் ஏவப்பட்டது. அக்குழுவில் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமும் இருந்தார். றொக்கெற் ஆயுதமாவதும் ஆய்வுக்கருவியாவதும் அதன் உச்சியில் வைக்கப்படும் பொருளையும் அதனை ஏவுபவரின் எண்ணத்தையும் பொறுத்ததே.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல்

மாதிரி றொக்கெற் எழும்போது ஒரு செக்கனளவு சீறல் ஒலி கேட்கும். பின்னர் உயரத்தில் சிறு வெடியோசை எழும். போரைக் கடந்து வந்தோருக்கு அவ்வொலி கடினமானதாகவே இருக்கலாம். ஆதலால் அழைப்போர் முன்னரே எடுத்துரைத்தல் வேண்டும். வர விரும்பாதோரை வற்புறுத்தலாகாது. தொலைவில் நின்று பார்க்க விரும்புவோர் அவ்வாறே பார்க்கட்டும். தாயோ தந்தையோ காதைப் பொத்தினால் பிள்ளைகள் நகைத்தல் ஆகாது. அவர் அஞ்சுவது உங்கள் கையிலுள்ள கடதாசிக் குழாய்க்கு அன்று. அவர் அறிந்த வேறொன்றுக்கு. அதனை அவர் சொல்ல விரும்பும் நாளில் பொறுமையாகக் கேளுங்கள்.

பெற்றோரும் ஒன்றை எண்ணிப் பார்க்க. எம் பிள்ளைகள் "றொக்கெற்" என்னும் சொல்லை எம்மிடமிருந்து அச்சமாக மட்டும் பெற்றுக்கொண்டால், அச்சொல்லின் மற்றைய பொருளை வேறு மொழியில் வேறு எவரிடமோதான் கற்பர். உதைப்பு, உந்தம், ஆர்முடுகல், கணத்தாக்கு, அமுக்க மையம் ஆகிய சொற்கள் தமிழில் உள்ளன. நாம் தாயகத்தில் கற்ற பாடநூல்களில் அவை இருந்தன. தமிழ் என்பது சனிக்கிழமைகளில் மனனஞ் செய்து ஒப்புவிக்கும் செய்யுள் மட்டும் அன்று. செட்டையை எவ்வாறு ஒட்டுவது என்று தந்தையும் மகளும் விவாதிக்கும் மொழியும் ஆகும். இரண்டு மணிநேரம் மேசையருகே சேர்ந்து அமர்ந்தால், இலக்கண வகுப்பில் நாம் ஒரு தவணை முழுவதும் புகட்ட இயலாத சொற்கள் பலவற்றைப் பிள்ளை தானாகவே கற்றுக்கொள்ளும்.

வளர்ந்த மாணவருக்கு மேலும் வழிகள் உண்டு. குளிர்பானத் தகரப்பேணி அளவிலான கருவியை மாணவரே அமைத்து றொக்கெற்றில் ஏற்றியனுப்பும் போட்டி இந்நாட்டில் நடைபெற்று வந்துள்ளது. கொல்ன் நகரில் ஐரோப்பிய விண்வெளி வீரர் பயிற்சி மையமும், டார்ம்ஸ்ரட் நகரில் செயற்கைக்கோள்களை இயக்கும் மையமும் உள்ளன. அங்குள்ள பணிகளுக்கு எம் பிள்ளைகளும் உரியவராகலாம். அதற்கான முதற்படி, செட்டையை நேராக ஒட்டும் பொறுமையும், காற்று மிகுந்த நாளில் ஏவாது திரும்பும் அடக்கமுமே.

எம் மாணவர் செய்யும் றொக்கெற்றுகள் யாவும் நேராக எழுந்து, வான்குடை விரித்து, யாருக்கும் தீங்கின்றி மண்ணிறங்குக என வாழ்த்துகின்றோம்.